போர்டை மாற்றினால் போதுமா?

உங்கள் போனில் மெயில் பெட்டியைத் திறந்து, கடைசியாக வந்த இருபது மெயில்களைப் பாருங்கள். வங்கி ஸ்டேட்மென்ட், போன் பில், எப்போதோ ஒரு தடவை செருப்பு வாங்கிய கடை, வேலைவாய்ப்புத் தளம்... இவற்றுக்கு நடுவே, 'யார் இவர், எனக்கு எதற்கு எழுதுகிறார்?' என்று யோசிக்க வைக்கிற பெயர் ஒன்றாவது இருக்கும். அதை நாம் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கட்டை விரலால் ஒரு தள்ளு, டெலிட். அன்றைக்குக் கொஞ்சம் எரிச்சலில் இருந்தால் 'ஸ்பேம்' பட்டன்.

அப்படித் தள்ளப்படும் மெயில்களில் சில, நாமே ஒரு காலத்தில் விரும்பிக் கேட்டு வாங்கியவை. அனுப்புகிறவர் அதே ஆள்தான். இடையில் பெயரை மாற்றிவிட்டார். நமக்கு அடையாளம் தெரியவில்லை.

இந்த வாரம் இந்தப் பெயர் மாற்றம் பற்றித்தான் பேசப்போகிறோம். அதுவும், பெயர்கள் படுவேகமாகப் பழசாகிற ஓர் உலகத்தில்: சாஃப்ட்வேர் டெவலப்பர்களுக்காக மெயிலில் வரும் நியூஸ்லெட்டர்கள். 'நமக்கென்ன இதில்?' என்று நகர்ந்துவிடாதீர்கள். யூடியூப் சேனல் நடத்துகிறவர், வாட்ஸ்அப்பில் புடவை விற்கிறவர், குடியிருப்போர் சங்க குரூப் அட்மின் என எல்லோருக்கும் இதில் சங்கதி இருக்கிறது.

சந்தைக்குப் போய்வரும் அக்கா

உங்கள் வீட்டில் ஐ.டி-யில் வேலை பார்க்கும் மகனோ மருமகளோ இருந்தால் கேட்டுப்பாருங்கள். அந்தத் தொழிலில் வாரத்துக்கு வாரம் ஏதாவது மாறிக்கொண்டே இருக்கும். பயன்படுத்தும் கருவிக்குப் புதுப் பதிப்பு வரும். நேற்றுவரை பாதுகாப்பானது என்று நம்பிய ஒன்றில் ஓட்டை இருப்பது தெரியவரும். இவை எல்லாவற்றையும் தேடிப் படிக்க உட்கார்ந்தால், வேலை பார்க்க நேரம் இருக்காது.

நியூஸ்லெட்டர் அந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது. ஒருவர் உட்கார்ந்து அந்த வாரம் வந்த அத்தனையையும் அலசுகிறார். அதில் பத்துப் பதினைந்தைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் 'இது என்ன, உங்களுக்கு ஏன் தேவை' என்று இரண்டு வரி எழுதி, குறிப்பிட்ட கிழமையில் அனுப்பிவைக்கிறார். சந்தைக்குப் போய்வந்து, 'இன்றைக்கு முருங்கைக்காய் நன்றாக இருக்கிறது, தக்காளி வேண்டாம்' என்று சொல்லும் பக்கத்து வீட்டு அக்கா மாதிரி. பல நியூஸ்லெட்டர்கள் இலவசம். நடுவில் வரும் ஒன்றிரண்டு விளம்பரங்கள்தான் எழுதுகிறவருக்கு வருமானம்.

பிரச்னை பெயரில் தொடங்குகிறது. இவற்றில் பல, ஒரு கருவியின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொள்கின்றன. கருவி ஓடும்வரை கவலை இல்லை. அதற்கு வயதானால்?

ஃபேஸ்புக்கில் 'ஃபார்ம்வில்' விளையாட்டில் விடிய விடியக் கத்திரிக்காய் அறுவடை செய்தவர்கள் நம்மிடையே உண்டு. அந்த விளையாட்டு ஓடியது 'ஃபிளாஷ்' என்ற தொழில்நுட்பத்தில். 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் நிறுத்தியது. அதே நாளில் ஃபார்ம்வில்லும் மூடப்பட்டது. விளையாடியவர்களுக்குப் போனது ஒரு பொம்மைத் தோட்டம். ஆனால், 'நான் ஃபிளாஷ் டெவலப்பர்' என்று சொல்லிப் பிழைத்தவர்களுக்கு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கவலை தொடங்கிவிட்டது. அவர்களுக்காக எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கும்தான்.

'புது பஸ் ஸ்டாண்ட்' சிக்கல்

ஓர் உண்மைக் கதையைப் பார்ப்போம். பிரிட்டனைச் சேர்ந்தவர் பீட்டர் கூப்பர். 'ரூபி' என்ற கணினி மொழியைப் பற்றி வலைப்பதிவு எழுதிக்கொண்டிருந்தவர். 2010-ல் 'ரூபி வீக்லி' என்ற வாராந்தர மெயிலைத் தொடங்கினார். அதே ஆண்டில் 'ஜாவாஸ்கிரிப்ட் வீக்லி' வந்தது. 2011-ல் 'ஹெச்.டி.எம்.எல்.5 வீக்லி'. இந்த மூன்றாவதில்தான் நம் கதை இருக்கிறது.

ஹெச்.டி.எம்.எல். என்பது, 'இது தலைப்பு, இது பத்தி, இங்கே படம்' என்று பிரவுசருக்குச் சொல்லும் மொழி. நீங்கள் இப்போது படிக்கும் இந்தப் பக்கத்துக்கு அடியிலும் அதுதான் இருக்கிறது. அதன் 4.01 பதிப்பு வந்தது 1999 டிசம்பரில். அதற்குப் பிறகு நீண்ட இடைவெளி. அடுத்த பதிப்பான 5, தனியாக எதையும் இன்ஸ்டால் செய்யாமல் பிரவுசரிலேயே வீடியோ ஓடும் என்று ஆசை காட்டியது. 2010 ஏப்ரலில், ஐபோனில் ஃபிளாஷ் ஏன் இல்லை என்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். வருங்காலத்துக்கு அவர் கை காட்டியது ஹெச்.டி.எம்.எல்.5-ஐத்தான். அவ்வளவுதான், '5' என்ற எண்ணுக்கு மவுசு கூடிவிட்டது.

இணையத்துக்கான தர விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, 2011 ஜனவரியில் ஆரஞ்சு நிறக் கேடயத்தில் பெரிய '5' போட்டு ஒரு லோகோவே வெளியிட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த மொழியை வளர்த்துக்கொண்டிருந்த இன்னொரு குழு, அதே வாரத்தில் 'இனிமேல் எண் கிடையாது' என்று அறிவித்தது. இது தினம் தினம் வளர்கிற மொழி, இதற்கு எதற்குப் பதிப்பு எண், வெறும் ஹெச்.டி.எம்.எல். என்று சொன்னால் போதும் என்பது அவர்கள் வாதம். டபிள்யூ3சி 2014 அக்டோபரில் 5-ஐ முறைப்படி அங்கீகரித்தது. பிறகு 5.1, 5.2 என்று போய், கடைசியில் 2019-ல் அந்தக் குழுவின் எண் இல்லாத வழிக்கே வந்து சேர்ந்தது.

நம் ஊர்களில் 'புது பஸ் ஸ்டாண்ட்' இருக்கும். கட்டி முப்பது வருடமாகிக் காரை பெயர்ந்திருந்தாலும் அதன் பெயர் புது பஸ் ஸ்டாண்ட்தான். உள்ளூர்க்காரர்களுக்கு அதில் குழப்பமே இல்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்தான் 'எது புதுசு?' என்று முழிப்பார். 'ஹெச்.டி.எம்.எல்.5 வீக்லி'க்கும் அந்த நிலைமைதான். பழைய வாசகர்களுக்கு உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞருக்கு, '5' என்பது தனக்கு முந்தைய தலைமுறை விஷயம்.

பெயர் மாறியது: 'ஃப்ரன்ட்எண்ட் ஃபோகஸ்'. கல்யாண மண்டபத்தில் சமையல்கட்டு ஒரு பக்கம், பந்தி ஒரு பக்கம் இருப்பதுபோல, ஓர் இணையதளத்திலும் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் நடக்கும் வேலையும், பார்க்கிறவர் முன்னால் பரிமாறப்படும் வேலையும் உண்டு. பரிமாறும் பக்கத்துக்குப் பெயர்தான் ஃப்ரன்ட்எண்ட். அந்த நியூஸ்லெட்டரை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் செய்துகொண்டிருந்தது அந்த வேலையைத்தான். முதல் பெயர் அவர்கள் கையில் இருந்த கருவியைச் சொன்னது. இரண்டாவது பெயர் அவர்கள் செய்யும் வேலையைச் சொன்னது. கருவி மாறலாம், வேலை இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. இதழ் எண்ணை அவர்கள் மறுபடி 1-லிருந்து தொடங்கவில்லை. பழைய கணக்கிலேயே தொடர்ந்தார்கள். 'பெயர்தான் வேறு, ஆள் அதே ஆள்' என்று வாசகருக்குச் சொல்ல இதைவிட எளிய வழி இல்லை. இன்னொன்று, 'ரூபி வீக்லி'யையும் 'ஜாவாஸ்கிரிப்ட் வீக்லி'யையும் அவர்கள் தொடவில்லை. அந்தப் பெயர்கள் சொல்ல வேண்டியதை இன்னும் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தன.

வாசகர்கள் மாற்றிய பட்டியல்

இதற்கு நேரெதிரான கதை 1995-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது. கிரெய்க் நியூமார்க் என்ற புரோகிராமர் தன் நண்பர்களுக்கு மெயில் அனுப்பத் தொடங்கினார். ஊரில் எங்கே என்ன நிகழ்ச்சி, சாஃப்ட்வேர் ஆட்கள் எங்கே கூடுகிறார்கள் என்பதுதான் விஷயம். பட்டியல் வளர வளர, அதற்கு ஒரு முறையான பெயர் வேண்டுமே என்று யோசித்தார். ஊர் பெயரையும் 'நிகழ்ச்சிகள்' என்ற வார்த்தையையும் சேர்த்து வைக்கலாம் என்பது அவர் எண்ணம். நண்பர்கள் தடுத்தார்கள். 'நாங்கள் ஏற்கெனவே கிரெய்க்ஸ்லிஸ்ட் என்றுதானே சொல்கிறோம்' என்றார்கள். கிரெய்க் அனுப்பும் பட்டியல், அவ்வளவுதான். அந்தப் பெயரே நிலைத்தது.

நிகழ்ச்சிகளுக்காக வந்த அந்த மெயிலை, ஜனங்கள் வேறு வேலைக்கும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 'எங்கள் கம்பெனிக்கு இன்ன வேலை தெரிந்த ஆள் தேவை' என்று அறிவிப்புகள் வந்தன. நியூமார்க்குக்கே அது ஆச்சர்யம். அவர் அதைத் தடுக்காமல், வேலைவாய்ப்புக்கென்று ஒரு பிரிவு தொடங்கினார். பிறகு வாசகர்கள் கேட்கக் கேட்கப் பிரிவுகள் பெருகின. இணையதளமாகி, 1999-ல் நிறுவனமாகி, அமெரிக்காவில் வாடகை வீடும் பழைய சோபாவும் தேடுகிறவர்கள் போகும் இடமாகவே ஆனது.

இங்கே பெயர் மாறவில்லை, உள்ளடக்கம் முழுக்க மாறியது. அப்படியிருந்தும் யாரும் ஏமாந்ததாக நினைக்கவில்லை. காரணம், மாற்றத்தைக் கேட்டவர்களே வாசகர்கள்தான். அவர்கள் எந்தப் பக்கம் நடந்தார்களோ அந்தப் பக்கம் பாதை போடப்பட்டது. நிகழ்ச்சி என்று பெயர் வைத்திருந்தால் இடித்திருக்கும். ஆள் பெயர் என்பதால் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டது.

பல் சீரமைப்பும் புரோகிராமும்

மெயிலெல்லாம் பரவலாவதற்கு முன், புரோகிராமர்களுக்கு அச்சில் பத்திரிகைகள் வந்தன. அவற்றில் ஒன்றின் பெயரைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. 'டாக்டர் டாப்ஸ் ஜர்னல் ஆஃப் டைனி பேசிக் கேலிஸ்தெனிக்ஸ் அண்ட் ஆர்த்தோடான்ஷியா'. 'டைனி பேசிக்' என்ற குட்டிக் கணினி மொழிக்கான உடற்பயிற்சியும் பல் சீரமைப்பும் என்று அர்த்தம்!

1976 ஜனவரியில், கலிஃபோர்னியாவில் இது தொடங்கியது. டாப் என்று ஒரு டாக்டரே கிடையாது. டென்னிஸ், பாப் என்ற இரண்டு பேரின் பெயரை ஒட்டவைத்ததில் பிறந்தவர் அவர். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அன்றைக்கு நினைவகம் நாலு கிலோபைட் இருந்தாலே பெரிய விஷயம். இன்று உங்களுக்கு வரும் ஒரு 'குட் மார்னிங்' படமே அதைவிடப் பல மடங்கு பெரியது. அவ்வளவு சின்ன இடத்துக்குள் ஒரு கணினி மொழியை அடக்குவது எப்படி என்று சொல்லித்தர, மூன்றே இதழ்கள் போடுவதாகத் திட்டம்.

மூன்றோடு நிற்கவில்லை. வரவேற்பைப் பார்த்ததும் மாதப் பத்திரிகையாக்க முடிவு செய்தார்கள். உடனே பெயரிலிருந்து முதலில் கழற்றப்பட்டது 'டைனி பேசிக்'. அந்த இடத்தில் 'கம்ப்யூட்டர்' வந்தது. பின்னாளில் உடற்பயிற்சியும் பல்லும் போய், வெறும் 'டாக்டர் டாப்ஸ் ஜர்னல்' ஆனது. மொழிகள் வந்தன, போயின. டாக்டர் இருந்தார். 2009-ல் அச்சு நின்று, இணையத்தில் தொடர்ந்து, 2014-ம் ஆண்டின் இறுதியில்தான் விடைபெற்றார். அப்போதும் குறைந்தது வாசகர் கூட்டம் அல்ல, விளம்பர வருமானம். 38 ஆண்டுகள். மூன்று இதழ்களுக்காகப் போட்ட போர்டு!

மூன்று கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. வாசகர் நம்மிடம் எதற்காக வந்தார் என்பது ஒரு வாக்கு. பெயர் அந்த வாக்கின் மேல் ஒட்டிய லேபிள். லேபிள் பழசானால் மாற்றலாம், கேட்கக் கேட்க வாக்கை விரிக்கலாம். லேபிளை மாற்றும் சாக்கில் உள்ளே இருப்பதைச் சத்தமில்லாமல் மாற்றுவதுதான் வம்பு.

ஆயிரத்தில் மூன்று பேர்

'பெயர் மாற்றத்தில் என்ன பெரிய ஆபத்து, பிடிக்காதவர்கள் போகட்டுமே' என்று தோன்றலாம். மெயில் விஷயத்தில் அப்படி விட முடியாது.

ஒரு மெயில் வந்ததும் நாம் முதலில் பார்ப்பது அனுப்பியவர் பெயரை. தெரியாத பெயரென்றால் 'ஸ்பேம்' பட்டனை அழுத்துகிறோம். அந்த அழுத்தல் நம்மோடு முடிவதில்லை, கூகுள் போன்ற நிறுவனங்களின் கணக்கில் ஏறுகிறது. 2024 பிப்ரவரி முதல் கூகுள் விதி கடுமையானது. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் மெயில் அனுப்புகிறவர்கள், 'இது நான் அனுப்பியதுதான்' என்று நிரூபிக்கும் தொழில்நுட்ப முத்திரைகளைப் போட்டிருக்க வேண்டும். வேண்டாம் என்பவர் ஒரே தொடுதலில் விலக வசதி தர வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவிகிதத்தைத் தொடவே கூடாது.

0.3 சதவிகிதம் என்றால் ஆயிரத்துக்கு மூன்று பேர். பெயர் புரியாமல் ஆயிரத்தில் மூன்று பேர் தவறான பட்டனை அழுத்தினால், ஆசையோடு காத்திருக்கும் மீதி 997 பேருக்கும் மெயில் ஒழுங்காகப் போய்ச்சேருவது சந்தேகமாகிவிடும். பெயரோடு அனுப்பும் இணைய முகவரியையும் மாற்றினால் இன்னும் கஷ்டம். புது முகவரிக்கு நல்ல பெயரும் இருக்காது, கெட்ட பெயரும் இருக்காது. புதிதாகக் குடிவந்தவருக்கு அண்ணாச்சி கடையில் உடனே கடன் கிடைக்காதல்லவா? கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பி நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும்.

'எத்தனை பேர் திறந்து படித்தார்கள் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளலாமே' என்றால், அந்தக் கணக்கும் இப்போது நம்பும்படி இல்லை. 2021-ல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, வாசகர் திறக்காவிட்டாலும் மெயிலில் உள்ள படங்களை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுகிறது. அந்தப் படங்களை வைத்துத்தான் 'திறந்தார்' என்று கணக்கெடுப்பார்கள். எனவே, எண்ணிக்கை நன்றாகத்தான் தெரியும், படித்தார்களா என்பது தெரியாது. மாற்றம் பிடித்ததா என்று அறிய ஒரே வழி, பழைய வழிதான். 'உங்களுக்கு எப்படி இருக்கிறது, ஒரு வரி எழுதுங்கள்' என்று கேட்பது.

கேட்டுக்கொண்டு நுழையுங்கள்

நம்பிக்கை மட்டுமல்ல, சட்டமும் இதில் இருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய யூனியனின் தகவல் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் விவரங்களை எந்த நோக்கத்துக்காக வாங்கினீர்களோ அதற்கு ஒவ்வாத வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. இந்தியாவில் 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும், ஒருவர் தரும் சம்மதம் குறிப்பிட்ட நோக்கத்துக்கானது என்றே பேசுகிறது. அனுப்புகிறவர் பெயரிலும் தலைப்பிலும் ஏமாற்று வேலை கூடாது என்பது 2003-லிருந்தே அமெரிக்கச் சட்டம்.

சட்டத்தை எடுத்துவிட்டாலும் இது சாதாரண மரியாதைதான். கணக்கு டியூஷனுக்கு என்று பிள்ளையை அனுப்பினோம். ஆறு மாதம் கழித்து, அதே வாத்தியார் அதே வீட்டில் கீபோர்டு வகுப்பு நடத்துகிறார். கீபோர்டு நல்ல விஷயம்தான். ஆனால், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

இந்த ஆபத்து இப்போது கூடியிருக்கிறது. எந்தப் பெயரைப் பார்த்தாலும் அதில் 'ஏ.ஐ.' சேர்த்துவிடும் ஆசை எல்லோருக்கும் வந்திருக்கிறது. விளம்பரம் தருகிறவர்களும் அந்தப் பக்கம்தான் நிற்கிறார்கள். ஆனால், மவுசுக்காகக் கடன் வாங்கிய பெயரின் கதை சாஃப்ட்வேர் உலகத்திலேயே இருக்கிறது. 1995-ல் உருவான ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு முதலில் 'மோக்கா' என்றும், பிறகு 'லைவ்ஸ்கிரிப்ட்' என்றும் பெயர். அப்போது 'ஜாவா' என்ற மொழி ஓஹோவென்று பேசப்பட்டதால், அந்தப் புகழில் பங்கு கேட்டு ஜாவாஸ்கிரிப்ட் ஆனது. இரண்டுக்கும் உள்ள உறவு, கரும்புக்கும் கரும்பலகைக்கும் உள்ள உறவுதான். முப்பது ஆண்டுகள் ஆகியும், புதிதாகப் படிக்க வருகிறவர்கள் 'ஜாவா படித்தால் இதுவும் வந்துவிடுமா?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் அந்தப் பெயரின் டிரேட்மார்க் ஆரக்கிள் நிறுவனத்திடம் இருக்கிறது. மொழியின் தர விதிகளைத் தொகுத்தவர்கள் அதை வேறு பெயரில்தான் வெளியிட வேண்டியிருந்தது.

அதற்காகக் கருவியின் பெயரை வைக்கவே கூடாது என்று அர்த்தமில்லை. ஹெய்ன்ஸ் கபுட்ஸ் என்பவர் 2000-ம் ஆண்டு தென்னாப்பிரிக்காவிலிருந்து 'ஜாவா ஸ்பெஷலிஸ்ட்ஸ்' நியூஸ்லெட்டரைத் தொடங்கினார். அதற்குப் பிறகு அவர் குடியிருக்கும் நாடே மாறிவிட்டது, நியூஸ்லெட்டரின் பெயர் மாறவில்லை. ஜாவாவின் நுணுக்கங்கள் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று அன்றைக்கு எல்லை போட்டுக்கொண்டார். அந்த மொழி நிலைத்தது, அவரும் எல்லைக்குள் நின்றார்.

அந்த ஒரு கடிதம்

சரி, மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் எப்படிச் செய்வது? ஃபிளாஷ் பற்றி எழுதிவந்த ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய பெயரிலேயே அவர் இப்படி ஒரு மெயில் அனுப்பலாம்:

'வணக்கம். "ஃபிளாஷ் வாரமடல்" என்ற பெயரில் இத்தனை நாள் உங்களுக்கு எழுதிவருபவன் நான்தான். அடுத்த மாதம் முதல் இதன் பெயர் "அசையும் திரை". ஃபிளாஷ் போய்விட்டது. ஆனால், திரையில் படத்தை அசையவைக்கும் வேலை உங்களுக்கும் எனக்கும் இருக்கிறது. இனி அந்த வேலைக்கு உதவும் எல்லாக் கருவிகளைப் பற்றியும் எழுதுவேன். செவ்வாய்க்கிழமை, பத்துச் செய்திகள் என்பது மாறாது. ஃபிளாஷ் பிழைகளுக்குத் தீர்வு சொல்லும் பகுதி மட்டும் நின்றுவிடும். இது உங்களுக்கு வேண்டாம் என்றால் மேலே உள்ள பட்டனை ஒரு முறை தொட்டால் போதும். இதுவரை படித்ததற்கு நன்றி.'

இந்தச் சின்னக் கடிதத்தில் பழைய பெயர் இருக்கிறது, புதுப் பெயர் இருக்கிறது. ஏன் என்பது இருக்கிறது. எது தொடரும், எது நிற்கும் என்பது இருக்கிறது. விலகும் வழியும் மேலேயே இருக்கிறது. அடுத்த சில வாரங்களுக்கு அனுப்புநர் பெயரில் இரண்டையும் சேர்த்தே போடலாம். ஜவுளிக்கடை போர்டில் புதுப் பெயருக்குக் கீழே 'முன்பு இன்ன ஸ்டோர்ஸ்' என்று சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்களே, அதே யுக்திதான்.

எது நிற்கும் என்று சொல்வதுதான் இதில் கஷ்டமான வரி. புதிதாகச் சேர்ப்பதை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். விடுவதைச் சொல்ல மனம் வராது. ஆனால், கவனம் என்பதே சிலவற்றை விடுவதுதான். எல்லாருக்கும் எல்லாமும் தரும் மெயிலை யாரும் தனக்கு வந்ததாக நினைப்பதில்லை.

கடிதம் போனதும் சிலர் விலகுவார்கள். சந்தாதாரர் எண்ணிக்கை குறையும்போது வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். விளம்பரதாரர் கேட்பது அந்த எண்ணைத்தானே! ஆனால், சொல்லிவிட்டு விலகுகிறவர் நமக்கு நல்லதுதான் செய்கிறார். சொல்லாமல் ஸ்பேம் பட்டனை அழுத்துகிறவரைவிட அவர் எவ்வளவோ மேல். ஒருநாள் தேவைப்பட்டால் திரும்பி வரவும் அவருக்குக் கூச்சம் இருக்காது.

இந்த நியூஸ்லெட்டர்களைப் படிக்கிறவர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. உங்கள் வீட்டு ஐ.டி. பிள்ளை தன் பயோடேட்டாவின் முதல் வரியில் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். கருவியின் பெயரா, செய்யும் வேலையா? வேலையை முதலில் எழுதி, கருவிகளை அடுத்த வரியில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வரியை மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

ஐ.டி. பக்கமே போகாதவர்கள், இன்றைக்கு உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து குரூப் பெயர்களை ஒரு தடவை பாருங்கள். கல்யாணம் முடிந்து, குழந்தைக்கு மொட்டையும் போட்டாகிவிட்டது, குரூப் பெயர் மட்டும் இன்னும் 'அக்கா கல்யாண ஏற்பாடுகள்' என்றே இருக்கும். அதில் இப்போது தங்க விலையும் மருத்துவக் குறிப்பும் வந்துகொண்டிருக்கும். பெயரை மாற்றுவதற்கு முன், 'இந்த குரூப் இனி எதற்கு? யாருக்கெல்லாம் வேண்டும்?' என்று உள்ளே ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள். யார் யார் பதில் சொல்கிறார்கள் என்பதிலேயே புதுப் பெயர் கிடைத்துவிடும்.